விசாவுக்கு அலைந்த ஒரு பாட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசித்து முடிக்கலாம். காற்று கடுமையான நாள் என்றால் இரண்டு தரமும் வாசிக்கலாம்.

தரம் 11 பிள்ளைகள் இடைவேளையில் ஒரு பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் துவக்குச் சத்தம் வரும், அதற்குப் பிறகு கடையில் காசுப்பெட்டி திறக்கிற ‘கிளிங்’ என்ற சத்தம் வரும். சின்னச் சின்ன வீடியோக்களில் எல்லாம் அது ஓடுகிறதாம். யார் பாடினது என்று கேட்டேன். “யாரோ அமெரிக்கப் பாட்டுக்காரி, சேர்” என்றான் ஒருவன். பாடினவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தவர் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்கள்.

பாட்டின் பெயர் ‘பேப்பர் பிளேன்ஸ்’, அதாவது கடதாசி விமானங்கள். பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். 2008 இல் அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. எங்கள் மண்ணில் வளர்ந்த ஒருவரின் பாட்டு அந்தப் பட்டியலில் அவ்வளவு உயரத்துக்குப் போனதை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

சினிமாப் பக்கம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு பழக்கம் இன்னும் விடவில்லை: எந்தப் பழைய பொருள் கையில் கிடைத்தாலும், யார் செய்தது, எப்போது, யாருடைய செலவில், யாருக்காக என்று கேட்பது. கல்வெட்டை அப்படிக் கேட்கலாம் என்றால் பாட்டையும் கேட்கலாம்.

கல்வெட்டு என்றதும் நயினாதீவில் இருக்கிற கல்லைச் சொல்லாமல் போக முடியாது. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள அந்தத் தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது எங்கள் ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஒரு வரியில் சொன்னால், வெளியிலிருந்து வருகிறவனை என்ன செய்வது, அவன் கொண்டுவருவதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் அந்தக் கல்லின் பேச்சு. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் பேச்சும் ஏறத்தாழ அதுதான். நடுவில் 800 வருடத்துக்கு மேல் இடைவெளி.

முதலில் ஆளைப் பார்ப்போம். மாதங்கி, வீட்டில் மாயா, 1975 ஜூலை 18 இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தகப்பன் அருளர் ஈரோஸ் இயக்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவரும் அவர்தான், எங்களில் மூத்தவர்கள் வாசித்திருப்பார்கள். இயக்க வாழ்க்கை என்றால் தகப்பன் வீட்டில் இல்லை என்று அர்த்தம். தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளைப் பார்த்தார். 1981 இல் நூலகம் எரிந்தபோது மாயாவுக்கு வயது ஆறு ஆகவில்லை. 83 கலவரத்தின்போது எட்டு. நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் 1985 மே 15 நடந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வருடம், 1986 இல், தாயும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் போனார்கள். அங்கே போய்த்தான் அவர் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். பிறகு சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தார்.

எம்.ஐ.ஏ. என்ற மூன்று எழுத்துக்கு இராணுவ ஆங்கிலத்தில் ‘போரில் காணாமற்போனவர்’ என்று பொருள். லண்டனில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு கெட்டிக்காரத்தனமான மேடைப் பெயர். வீட்டில் ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கிற தாய்மார் உள்ள எங்கள் மாகாணத்தில் அந்த மூன்று எழுத்தும் அப்படிக் கேட்காது.

ஈழத்துத் தமிழர் பொப் பாடியது அவரோடுதான் ஆரம்பித்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1960களின் கடைசியிலும் 70களிலும் இங்கே பொப் இசை என்றால் ஒரு கொண்டாட்டம். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார். ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’ பாடினார். செங்கை ஆழியான் நெடுந்தீவை வைத்து எழுதிய ‘வாடைக்காற்று’ 1978 இல் படமாக வந்தபோது அதே மனோகரன் அதில் நடித்தார். இந்தப் பாட்டுகளின் தாளம் பைலா. பைலாவைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும். நெடுந்தீவில் இடிந்த கோட்டையையும் ஊர்காவற்றுறைக் கடலில் நிற்கிற கோட்டையையும் காட்டிப் பிள்ளைகளுக்குப் போர்த்துக்கேயர் காலம் படிப்பிக்கிறோம். கலியாண வீட்டில் எல்லாரும் எழும்பி ஆடுகிற தாளத்தைக் காட்டியும் படிப்பிக்கலாம், கெதியாக விளங்கும்.

‘சுராங்கனி’ கடல் கடந்து போனது. மீன் கொண்டுவந்த கதையைச் சொல்கிற அந்தப் பாட்டு 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. அதைப் பாடி ஆடியவர்கள் இலட்சக்கணக்கில் இருப்பார்கள். முதலில் மெட்டுப் போட்டவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று அவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இனி லண்டனுக்குப் போவோம். 1976, 77 இல் அங்கே வேலையில்லாத இளைஞர் மத்தியில் பங்க் என்ற இசை கிளம்பியது. மூன்று கோர்ட் தெரிந்தால் போதும், மேடை ஏறலாம். பெரிய கொம்பனிகளின் மினுக்கலான பாட்டுக்கு எதிராகச் சத்தமும் கோபமுமாக வந்த இசை அது. அதில் முக்கியமான குழு ‘த கிளாஷ்’. அப்போது பிரித்தானியாவில் நெஷனல் ஃப்ரண்ட் என்ற இனவாதக் கட்சி, வந்தேறு குடிகளைத் துரத்த வேண்டும் என்று ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எதிராக 1978 ஏப்ரல் 30 இல் கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவில் ஒரு பெரிய இசைக் கூட்டம் நடந்தது. அந்த மேடையில் கிளாஷ் பாடினார்கள். ஐந்து வருடம் கழித்து 83 இன் பிறகு எங்கள் ஆட்கள் அந்த நாட்டில் போய் இறங்கியபோது அவர்கள் நடந்த தெருக்களில் இந்தச் சண்டை ஏற்கனவே ஒரு சுற்று நடந்து முடிந்திருந்தது.

1982 இல் கிளாஷின் ‘கொம்பாட் ரொக்’ இசைத்தட்டு வந்தது. அதில் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ என்று ஒரு பாட்டு. பங்க் என்றால் நாங்கள் நினைக்கிற ஓட்டமும் கூச்சலும் இதில் இல்லை. மெல்லப் போகும், கேட்டால் வயிற்றைப் பிசையும். இங்கிலாந்தில் மூடப்பட்ட இரும்பு ஆலைகளையும் அங்கே ஒட்டமுடியாமல் நிற்கிற வெளிநாட்டுக்காரரையும் பற்றி ஒரு பகுதி. அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளைப் பற்றி இன்னொரு பகுதி: தகப்பனின் நாட்டுக்குத் தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரு பிள்ளை கேட்கிறது, தகப்பன் முடியாது என்கிறான்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பின்னால் மிதந்து வருகிற அந்தக் கிற்றார் சத்தம் இந்தப் பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. கதவு அடைக்கப்பட்டவர்களைப் பற்றிய ஒரு பங்க் பாட்டின் மேலேதான், கதவு அடைக்கப்பட்ட ஒரு தமிழ்ப் பெண் தன் பாட்டைக் கட்டினார். இதைத் தற்செயல் என்று நான் எடுக்கவில்லை.

அடைக்கப்பட்ட கதவு எது? 2006 இல் எம்.ஐ.ஏ. தன் இரண்டாவது இசைத்தட்டை அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளர் டிம்பலேண்டோடு சேர்ந்து செய்யத் திட்டம் போட்டார். அமெரிக்க விசா கிடைக்கவில்லை. லண்டனில் பிறந்தவர், முதல் இசைத்தட்டு ‘அருளர்’ உலகத்தில் நல்ல பெயர் எடுத்திருந்தது, அப்படியும் கிடைக்கவில்லை. அதனால் விசா கொடுத்த நாடுகளுக்கெல்லாம் போய்ப் பாட்டுப் பதிந்தார்: இந்தியா, ட்ரினிடாட், ஜமெய்க்கா, அவுஸ்திரேலியா, யப்பான். சென்னையில் ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உறுமி மேளக்காரரை வைத்துப் பதிந்தார். அந்த இசைத்தட்டுக்குத் தாயின் பெயரை வைத்தார்: ‘கலா’.

அதே 2006 ஆகஸ்டில் எங்களுக்கு ஏ-9 பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் கிளியரன்ஸ் எடுத்து, பெயர் வரும் வரை பார்த்திருந்து, கப்பலிலோ விமானத்திலோ போக வேண்டும். சொந்த நாட்டுக்குள் விசா எடுத்துப் போனவர்கள் நாங்கள். அதற்கு முதல் பாஸ். அதற்கும் முதல் வேறொரு பாஸ். புங்குடுதீவிலும் வேலணையிலும் பூட்டிக் கிடக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு கடவுச்சீட்டுக் கதை இருக்கிறது. ஏஜென்சிக்குக் காணியை ஈடு வைத்தது, மொஸ்கோவில் மாதக்கணக்கில் பிடிபட்டு இருந்தது, யாரோ ஒருவரின் படத்தைக் கழற்றித் தன் படத்தை ஒட்டியது. இந்தப் பாட்டின் ஆரம்பமே போலிக் கடதாசியில் எல்லை கடக்கிற கதைதான். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது ஏதோ கள்ளக் கும்பலின் வீரப் பேச்சு. தீவகத்தில் அது யாருக்குமே வீரப் பேச்சு இல்லை. எங்கள் சித்தப்பா பெரியப்பாமாரின் பயண விபரம்.

பிறகு விசா கிடைத்து நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த காலத்தில் அங்கே உழைக்கிற வெளிநாட்டுக்காரரைப் பார்த்தார். வந்தேறிகளைப் பார்த்து ஊர்க்காரர் நினைக்கிற மிக மோசமான எண்ணம் எதுவோ, ‘இவன் எங்கள் காசைப் பிடுங்க வந்தவன்’ என்ற எண்ணம், அதையே எடுத்து வந்தேறியின் வாயில் பாட்டாக வைத்தார். துவக்குச் சத்தம், காசுப்பெட்டிச் சத்தம், அதற்கு மேல் லண்டன் பிரிக்ஸ்டன் பிள்ளைகளின் குரல். நீ என்னை இப்படித்தானே நினைக்கிறாய், சரி, அப்படியே பாடிக்காட்டுகிறேன் என்கிற நையாண்டி. வீடியோவில் அவர் ஒரு வாகனத்தில் நின்று சாப்பாடு விற்கிறார், தலைக்கு மேலே கடதாசி விமானங்கள் பறக்கின்றன. கள்ளன் என்று நீ நினைக்கிறவள் உனக்கு மத்தியானச் சாப்பாடு கட்டித்தருகிறாள்.

நையாண்டி எல்லாருக்கும் விளங்கவில்லை. 2007 இல் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியபோது துவக்குச் சத்தத்தை எடுத்துவிட்டு வேறு தட்டுச் சத்தம் போட்டார்கள். எம்.டி.வி.யிலும் அதே கதை. அவருக்குக் கோபம் வந்தது. எனக்கோ சிரிப்பு. நேயர்களின் காது நோகக்கூடாது என்று சத்தத்தை மாற்றுகிற ஏற்பாடு எங்கள் ஊரில் அந்த நாளில் இருந்திருக்கலாம்!

சரி, வியாபாரத்துக்கு வருவோம். பிள்ளைகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான், ஏனென்றால் “நல்ல பாட்டு, அதனால் ஹிட்” என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

‘கலா’ இசைத்தட்டு 2007 ஆகஸ்டில் வந்தது. விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பில்போர்ட் இசைத்தட்டுப் பட்டியலில் 18ஆம் இடம். 2008 பெப்ரவரியில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ தனிப்பாட்டாக வெளியானது. வானொலி பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் ஹொலிவூட்டில் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு பகிடிப் படம் வரவிருந்தது, கஞ்சாக்காரர் இரண்டு பேரின் கதை, பிள்ளைகள் தேடிப் பார்க்க வேண்டாம். அதன் ட்ரெய்லருக்குப் பின்னால் இந்தப் பாட்டைப் போட்டார்கள். 2008 கோடையில் தியேட்டருக்குப் போன அமெரிக்கர், “அது என்ன பாட்டு?” என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து கணினியில் தேடி வாங்கினார்கள். ஐரியூன்ஸில் ஒரு பாட்டு 99 சதம், அன்றைய எங்கள் காசில் நூறு ரூபாவுக்குக் கொஞ்சம் கூட. செப்டெம்பரில் பாட்டு 4ஆம் இடத்துக்கு ஏறியது. பிரித்தானியாவில் 19ஆம் இடம். அமெரிக்காவில் 10 இலட்சம் பிரதி விற்றால் ஒரு பிளாட்டினம் என்று சான்றிதழ் கொடுப்பார்கள், இந்தப் பாட்டு அதைப் பல தடவை வாங்கிவிட்டது.

இசைத்தட்டு வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, வேறொருவரின் படத்தின் விளம்பரத்தால், விசாவுக்கும் அகதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு கதையோடு ஒட்டிக்கொண்டு ஏறிய பாட்டு இது. பங்க் உலகத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கிளாஷின் ‘ஷுட் ஐ ஸ்டே ஓர் ஷுட் ஐ கோ’ 1982 இல் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’லோடு ஒரே தட்டின் இரண்டு பக்கமாக வெளியானது. அப்போது முதல் பத்துக்குள்கூட வரவில்லை. குழு கலைந்து போய், 1991 இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் போட்டதும் பிரித்தானியாவில் முதலாம் இடம்! கொம்பனிகளைத் திட்டிப் பாடியவர்களின் ஒரேயொரு முதலிடம் காற்சட்டைக் கொம்பனி கொடுத்தது. பங்கின் அடுத்த தலைமுறை, பொப்-பங்க் என்று சொல்கிற கிரீன் டே போன்றவர்கள், இந்த வெட்கத்தை எல்லாம் தாண்டிவிட்டார்கள். 1994 இல் வந்த அவர்களின் ‘டூக்கி’ அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல்.

இனி அந்தப் பங்குக் கணக்கு. ‘பேப்பர் பிளேன்ஸ்’ எழுதியவர்கள் என்று உத்தியோகபூர்வமாகப் போட்டிருக்கிற பெயர்கள் ஆறு: மாயா அருள்பிரகாசம், தயாரிப்பாளர் டிப்லோ என்கிற வெஸ்லி பென்ட்ஸ், மிச்சம் நாலு பேரும் கிளாஷ் குழுவினர். ஜோ ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பரிலேயே இறந்துவிட்டார், ஆனாலும் அவர் பெயர் இருக்கிறது. ஒரு மெட்டின் துண்டை எடுத்துப் பயன்படுத்தினால் பெயரும் போட வேண்டும், பங்கும் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதே 2008 இல் ராப் பாடகர் ரி.ஐ., ஜே-ஸீ, கன்யே வெஸ்ட், லில் வெய்ன் நாலு பேரும் சேர்ந்து ‘ஸ்வாகா லைக் அஸ்’ பாடினார்கள். அதன் அடித்தளமே ‘பேப்பர் பிளேன்ஸி’லிருந்து எடுத்த மாயாவின் குரல். கிளாஷிலிருந்து மாயா, மாயாவிலிருந்து அமெரிக்க ராப். நயினாதீவுக் கல்லில் பராக்கிரமபாகு சொன்ன நாலில் ஒன்று, பாதிக்குப் பாதி என்ற பேச்சுதான், கப்பலுக்குப் பதில் பாட்டு. எங்கள் பொப் பாட்டுகள் கடல் கடந்த காலத்தில் இப்படிப் பெயரும் பங்கும் எழுதி வைக்கிற பழக்கம் இருந்திருந்தால் எத்தனை கலைஞர் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார்கள்! பாட்டு எழுதுகிற, யூரியூப்பில் போடுகிற எங்கள் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2008 கடைசியில் ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ வந்தது. மும்பாய் ரயிலில் களவாக ஏறித் திரிகிற இரண்டு சிறுவர்கள், ஜமால், சலீம், அவர்கள் மேல் இந்தப் பாட்டு. அந்தப் படத்தில் ரஹ்மானும் மாயாவும் சேர்ந்து செய்த ‘ஓ சாயா’ ஒஸ்கார் பரிந்துரை வரை போனது. விருது ‘ஜெய் ஹோ’வுக்குக் கிடைத்தது. ட்ரெய்லரில் கஞ்சாக்காரருக்குப் பொருந்தாமல் நின்ற பாட்டு இந்தச் சிறுவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

2009 பெப்ரவரி 8, கிராமி விருது விழா. ‘பேப்பர் பிளேன்ஸ்’ அந்த ஆண்டின் சிறந்த பதிவுக்கான பரிந்துரையில் இருந்தது. விருது ரொபர்ட் பிளாண்டுக்கும் அலிசன் கிராஸுக்கும் போனது. ஆனால் அன்று மேடையில் எல்லாரும் பார்த்தது மாயாவைத்தான். நிறைமாதக் கர்ப்பிணி, வைத்தியர் குறித்துக் கொடுத்த பிரசவத் திகதியே அன்றுதான். அந்த நாலு ராப் பாடகருக்கும் நடுவில் நின்று பாடினார். சில நாளில் மகன் பிறந்தான்.

அதே பெப்ரவரியில் இங்கே என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. புதுக்குடியிருப்பு வைத்தியசாலைக்குள் எறிகணை விழுந்த மாதம் அது. அங்கேயும் நிறைமாதக் கர்ப்பிணிகள் இருந்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைத்த நேரத்தில் எல்லாம் மாயா வன்னியில் சாகிற சனங்களைப் பற்றிக் கதைத்தார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியாகப் பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். மே மாதம் எல்லாம் முடிந்தது. ஒரு ஹிட் பாட்டு மைக்கைக் கொடுக்கும், எறிகணையை நிறுத்தாது. எங்களில் சிலர் அந்த நேரத்தில் அதை நம்பியிருந்தார்கள், வெளிநாட்டில் நடுத்தெருவில் நின்ற பிள்ளைகளும் நம்பியிருந்தார்கள்.

இந்த இடத்தில் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. மாயாவின் ஆரம்பகாலப் படங்களிலும் முதல் இசைத்தட்டின் அட்டையிலும் புலி உருவங்கள் வரும். அதனால் அவரைப் பயங்கரவாத ஆதரவாளர் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். டிலோன் என்ற இலங்கை வம்சாவளி ராப் பாடகர் 2008 இல் இதே ‘பேப்பர் பிளேன்ஸ்’ மெட்டின் மேலேயே அவரைத் தாக்கி ஒரு பாட்டு வெளியிட்டார். தான் பயங்கரவாதத்தை ஆதரிப்பவர் இல்லை, அகப்பட்ட சனங்களுக்காகப் பேசுகிறேன் என்பதுதான் மாயாவின் பதில்.

நான் 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். வாப்பாவிடம் அடையாள அட்டை இருந்தது, காணி உறுதி இருந்தது, பள்ளிவாசல் பதிவு இருந்தது. ஒரு கடதாசியும் உதவவில்லை. அதனால் புலி உருவத்தை வெறும் அலங்காரமாகப் பார்க்க என்னால் முடியாது. லண்டன் சுவரில் அது ஒரு டிசைன், எங்கள் உம்மாவுக்கு அது வேறு ஒன்று. 1986 இல் போய்விட்ட ஒருவருக்கு 1990 இன் யாழ்ப்பாணம் தெரியாது என்பது ஒரு காரணம். பிறகாவது தெரிந்துகொண்டிருக்கலாம் என்பது என் மனக்குறை. வடக்கு முஸ்லிம்களைப் பற்றி அவர் பாட்டில் ஒரு வரி வந்து நான் கேட்டதில்லை.

ஆனாலும் இந்தப் பாட்டை நான் அவரிடமே விட்டுவிடவில்லை. கடதாசியை நம்பிக் கைவிடப்பட்டவர்களின் பாட்டு என்றால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அவர் என்னை நினைத்து எழுதினாரா இல்லையா என்பது வேறு விஷயம். கிளாஷ் வியட்நாம் பிள்ளையை நினைத்து எழுதியதில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன்னைக் கண்டது. அதில் புத்தளத்து முகாமில் வளர்ந்தவன் தன்னைக் காண்பதை யார் தடுப்பது?

பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, உன் குடும்பத்தில் யாராவது எல்லை கடப்பதற்கு என்னென்ன கடதாசி தேவைப்பட்டது என்று கேட்டு எழுது. மற்றது, இந்தப் பாட்டைப் பாடியவர் யார் என்று தெரிவதற்கு முன்பும் பின்பும் நீ அதை எப்படிக் கேட்டாய்? முதல் கேள்விக்கு வந்த பதில்களை இங்கே போட மாட்டேன், அவை வீட்டுக் கதைகள். பதில் எழுதாத பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு தகவல். 2019 இல் பிரித்தானிய அரசு மாயாவுக்கு எம்.பி.ஈ. விருது அறிவித்தது. ஒரு காலத்தில் அகதியாகப் போய் இறங்கிய நாடு. ஏன் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்: 1986 இல் போன நாளிலிருந்து தாயும் ஒரு உறவுக்காரப் பெண்ணும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு அரசியின் விருதுப் பதக்கங்களைக் கையால் தைத்துக்கொடுத்து வந்தார்கள், ஆயிரக்கணக்கில். ஆங்கிலம் தெரியாமல் செய்யக்கூடிய ஒருசில வேலைகளில் அது ஒன்று. தாய்க்காக அதை வாங்குகிறேன் என்றார். 2020 ஜனவரியில் இளவரசர் வில்லியம் அந்தப் பதக்கத்தைக் குத்திவிட்டார்.